குளித்தவர்கள் விட்டுப்போன துணி

எழுபத்தெட்டாம் வருஷச் சாரலில் சிற்றாறு பெருகியது. குற்றாலத்துக் குப்பைமேடு கரைந்தால், அதில் வேலை பார்க்கும் முப்பிடாதியின் தெருக்கிணற்றில்தான் அத்தனையும் இறங்கும். மண் நிரப்பச் சாக்கு தீர்ந்துவிட்டது. பாவம் தொலைய அருவியில் குளித்தவர்கள் விட்டுப்போன பழந்துணிகளில் தெருக்காரர்கள் மண்ணைக் கட்டி, மேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கரையாக அடுக்கினார்கள்.

"ஊரான் பாவமெல்லாம் நமக்குக் காவல் நிக்குது பாத்தியளா, மதினி," என்றான் முப்பிடாதியின் கொழுந்தன் மாடன்.

"வாய மூடிட்டு மண்ண அள்ளுலே."

கடைசியாக ஒரு குழந்தையின் கவுனை நிரப்பி, மனசில்லாமல் ஆற்றோர விளிம்பில் வைத்தாள்.

விடிந்தபோது கரை நின்றது. வெள்ளம் சட்டைகளின் கழுத்துவரை ஏறி வடிந்திருந்தது. கவுன் விளிம்பில் இல்லை. உள்பக்கம், இரண்டு பெரிய சட்டைகளுக்கு நடுவில் இருந்தது. அவற்றின் கைகள் அதைச் சுற்றிக் கிடந்தன. முப்பிடாதி தொட்டுப் பார்த்தாள். அது மட்டும் நனையவில்லை.