மீட்டர் போட்ட ஆட்டோ

"மீட்டர் போட்டாதான் ஏறுவேன்." நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் கறாராக நின்றார் செலின்.

இருதயராஜ் மீட்டரைப் போட்டார்.

"பெங்களூர்ல இப்படியும் ஒரு ஆட்டோக்காரரா!" செலின் ஏறிக்கொண்டார்.

"உள்ள என்னம்மா பண்ணாங்க?" வாராவாரம் கேட்பதையே கேட்டார் இருதயராஜ்.

"ரத்தத்த எடுத்து, வடிகட்டி, திரும்ப ஏத்துறாங்க. மறதிக்குப் புது வைத்தியமாம்."

"சரியாயிடுமா?"

"உறுதியா சொல்ல முடியாதாம். முயற்சி பண்றாங்க."

ஆட்டோ லிங்கராஜபுரம் மேம்பாலம் ஏறியது. இருதயராஜ் கண்ணாடியைப் பார்த்தார். அதில் செலின் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க..."

இருதயராஜ் ஆட்டோவை ஓரங்கட்டினார். திரும்பிப் பார்த்தார்.

"கட்டின பொண்டாட்டிக்கே மீட்டர் போட்டு ஓட்டுறீங்களே, உங்களுக்கே இது நல்லாயிருக்கா?"