பனிக்கரடியின் டாங்குகள்

"பனிக்கரடியோட டாங்குங்க பாலத்தைத் தாண்டப் போகுது ஐலா. விமானத்துல குண்டு மாட்டவா, பீரங்கி மாட்டவா?" கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார் தவுனோ. பனிக்கரடி என்பது இணையப் போர் விளையாட்டில் எதிர்ப்பக்கம் ஆடும் ஆளின் பட்டப்பெயர்.

காபி கொண்டுவந்த மனைவி ஐலா எட்டிப் பார்த்தாள்.

"பீரங்கிதான். தாழப் பறந்து சுட்டா ஒண்ணும் தப்பாது. இன்னிக்காவது ஜெயிங்க, சவுனா நீராவிக் குளியலுக்கு நான் அடுப்பு மூட்டுறேன். தோத்தா வழக்கம்போல நீங்கதான்."

"நீ சொன்னா சரி."

அவள் மாடிக்குப் போய்விட்டாள். தாழப் பறந்த விமானங்களுக்கென்றே காத்திருந்ததுபோல் புதர்களிலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. ஒரு விமானம்கூடத் திரும்பவில்லை.

தவுனோ விறகை அடுக்கி அடுப்பை மூட்டும்போது, வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ரெய்யோ கேட்டார்.

"இந்தச் சனிக்கிழமையும் தோல்வியா? யாருய்யா அந்தப் பனிக்கரடி?"

"என் பொண்டாட்டிதான். மாடியில உக்காந்து ஆடுறா. எனக்குத் தெரியும்கிறது அவளுக்குத் தெரியாது."

"அப்புறம் ஏன் அவகிட்டயே யோசனை கேக்குறே?"

"குண்டு மாட்டியிருந்தா ஜெயிச்சிருப்பேனே. அப்புறம் அவளில்ல அடுப்பு மூட்டுவா? அவ சூடு பண்ற சவுனாவுல ஸ்வெட்டரைக் கழட்ட முடியாதுய்யா, குளிரும்."