இருக்கியாடி?

ஒரு பஸ் டிக்கெட் கம்பெனியில் வைகை, பவானி என்று இரண்டு கம்ப்யூட்டர் சர்வர்கள் இருந்தன. வைகைக்குச் சென்னையில் ஓயாத வேலை. அங்கே வெள்ளம் வந்தால் கைகொடுக்கட்டும் என்று பவானியை ஐதராபாத்தில் சும்மா உட்கார வைத்திருந்தார்கள்.

பவானி நொடிக்கு நொடி கேட்கும், "இருக்கியாடி?"

"இருக்கேன்டி" என்று வைகை சொல்லும். அதோடு பேச்சு முடிந்தது.

விற்ற டிக்கெட்டுக்கெல்லாம் வைகை உடனுக்குடன் பவானிக்கு நகல் அனுப்பும். ஒருநாள் யாரோ பவானியின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து நகல்கள் பவானியின் வாசல்வரை போய்த் தொலைந்தன. போய்ச் சேர்ந்ததா என்று வைகை திரும்பிப் பார்க்கவில்லை. பவானியோ, 'பாவம், வியாபாரம் படுத்துவிட்டது போல. கேட்டால் மனசு கஷ்டப்படும்' என்று நினைத்துக்கொண்டு, "இருக்கியாடி?" என்று மட்டும் கேட்டது.

தீபாவளிக்கு முந்தின வாரம் சென்னையில் வெள்ளம். வைகையிடமிருந்து பதில் இல்லை. பவானி உடனே கடையைத் திறந்தது. தன் கணக்கைப் பார்த்தால் எல்லா பஸ்ஸும் காலி. தோழியின் மானத்தைக் காப்பாற்றும் வேகத்தில் அத்தனை சீட்டையும் விற்றுத் தள்ளியது.

ஊருக்குக் கிளம்பும் நாளில் ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு பேர் நின்றார்கள். நாகர்கோவில் பஸ்ஸில் கிளீனரின் சட்டை கிழிந்தது.

தண்ணீர் வடிந்ததும் வைகை கண் திறந்து விஷயத்தைக் கேட்டது. "எதுவுமே வரலைன்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி?"

"கேட்டா நீ வருத்தப்படுவியேன்னுதான்டி."

வைகை வாயே திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த பவானி, மெதுவாகக் கேட்டது, "இருக்கியாடி?"