செருப்புக்குக் காவல்

"ரெண்டாவது நாள் மூணாவது பீரியட் காலியா இருக்கு. அங்க ஒரு மலையேத்தம் போட்டுடலாம்," என்றார் வாத்தியார், பல்லில் கடித்திருந்த பென்சிலை எடுக்காமலே.

"அப்பா, நாம ஊர் சுத்தப் போறோமா, பரீட்சை எழுதப் போறோமா?" என்றாள் கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்திருந்த மகள்.

பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாகக் கால அட்டவணை போடுகிறவர். கை சும்மா இருக்குமா? ஏழு நாள், மூன்று தீவு, ஒரு நாளைக்கு எட்டு பீரியட் என்று சாப்பாட்டு மேசை முழுக்க ஒரு பெரிய அட்டையை விரித்திருந்தார். மலைக்குப் பச்சை, சைக்கிளுக்கு மஞ்சள், காட்டுக்குள் நடப்பதற்கு ஊதா. நீல பென்சில் மட்டும் டப்பாவை விட்டு வெளியே வரவே இல்லை.

முன் அறையில் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, மெஷினை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"மூணு தீவுக்குப் போறோம். ஒரு இடத்துலகூடக் கடல் இல்லையேங்க?"

"எல்லாம் உனக்காகத்தான்மா. தீவுக்குத் தீவு போறதுக்குக்கூட படகு வேண்டாம், குட்டி விமானம் போதும்னு சொல்லிட்டேன். நீ கரையில பயந்துக்கிட்டு நிக்கும்போது நான் மட்டும் எப்படித் தண்ணியில இறங்குவேன்?"

சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சைத்தான் அவளால் தாங்க முடிவதில்லை.

கல்யாணமான புதுசில் ஒருநாள் முழங்கால் அளவு அலை வந்ததற்கே ஊரைக் கூட்டியவள் அவள். அதற்குப் பிறகு எத்தனை கடற்கரைக்குப் போயிருப்பார்கள்! சொந்தபந்தமெல்லாம் அலையில் கும்மாளம் போடும். இவள் மணலில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்திலேயே இவரும், அத்தனை பேர் செருப்புக்கும் பைக்கும் காவலாக. யாராவது கூப்பிட்டால், "அவளைத் தனியா விட்டுட்டு வரமாட்டேன்பா. இல்லேன்னா சின்ன வயசுல ஆத்தையே இக்கரைக்கும் அக்கரைக்குமா அளந்தவன் நான்!" என்பார். இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவளுக்குக் கண் கலங்கிப்போகும்.

அந்த மனுஷனுக்கு இந்தத் தடவை கடலைக் கொடுத்தே தீருவது என்று அவள் கங்கணம் கட்டியிருந்தாள். ஐந்து மாதமாக, வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு விடிந்ததும் நீச்சல் குளத்துக்கு ஓடினாள். அங்கே ஆறு வயசுப் பொடிசுகளின் வகுப்பில் இவள் ஒருத்திதான் பெரியவள். "ஆன்ட்டி, காலை நல்லா உதைங்க ஆன்ட்டி!" என்று அதுகள் அதட்டும். மூக்கில் பாதி, வாயில் பாதி என்று தண்ணீரைக் குடித்துக் குடித்தே கற்றுக்கொண்டாள். மகளுக்கு மட்டும்தான் தெரியும். வாக்கிங் போனவள் ஏன் தினமும் நனைந்த தலையோடு வருகிறாள் என்று கேட்க, கணக்கு வாத்தியாருக்குத் தோன்றவே இல்லை.

போன் அடித்தது. பயண ஏற்பாட்டுக்காரர். வாத்தியார் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், உங்களுக்கு லீவுன்னா ஊர் உலகத்துக்கே லீவு. சீட்டெல்லாம் பறக்குது. இப்ப முடிவு பண்ணிட்டா அப்புறம் மாத்தவும் முடியாது, ரத்து பண்ணவும் முடியாது. கடைசியா கேட்டுக்கறேன். நடுக்கடலுக்குப் படகுல போய், குதிச்சு, பவழப்பாறை பார்க்கிற அந்த அஞ்சாவது நாளு... மூணே மூணு இடம் இருக்கு. நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான்."

"அய்யய்யோ, வேண்டாங்க! எங்க வீட்டம்மாவுக்குத் தண்ணின்னாலே..."

"மூணையும் போட்டுடுங்க!" மேசைக்குக் குறுக்கே பாய்ந்து போனைப் பிடுங்கிவிட்டாள் மனைவி. "எங்க மூணு பேருக்குமே நீச்சல் தெரியும்!"

"போட்டாச்சும்மா," என்றது போன்.

அவள் முன் அறைக்கு ஓடிப்போய், மெஷின் மேல் கிடந்த கருநீலத் துணியைக் கொண்டுவந்து காட்டினாள்.

"இது யாருக்கோ தைக்கிறேன்னு சொன்னேனே, எனக்குத்தாங்க. நீச்சல் டிரஸ்!"

மகள் தன் போனில் ஒரு வீடியோவைப் போட்டு நீட்டினாள். குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அம்மா தண்ணீரை அடித்துக்கொண்டு போகிறாள். கரையில் பொடிசுகள் கைதட்டிக் குதிக்கின்றன.

வாத்தியார் அதை ஒரு தடவை பார்த்தார். திரும்பவும் ஒரு தடவை பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"எனக்காகவா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரருக்காகவா? வருஷக்கணக்கா எனக்காக செருப்புக்குக் காவல் இருந்தீங்களே, போதும்! இனிமே ஆசை தீர நீந்துங்க," என்றவள், டப்பாவிலிருந்து நீல பென்சிலை எடுத்து ஐந்தாவது நாளின் எட்டு பீரியடுக்கும் அழுத்தி அழுத்தித் தீட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

வாத்தியார் ஒரு டம்ளர் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். அந்த நீலத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையனைப்போல மெல்லக் கேட்டார்:

"அந்தப் பொடிசுங்க வகுப்புல... இன்னும் ஒரு ஆளைச் சேத்துப்பாங்களாம்மா?"