ஒற்றைத் தண்டை

தண்டை மூசைக் கிண்ணத்துக்குள் உருகி, மீன் கண்ணைப் போல மினுங்கத் தொடங்கிய பிறகுதான், அதை அவள் உருக்கத் தரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

காலையில் தரும்போது ஏதோ சொன்னாள்தான். அந்த நேரம் நான் பக்கத்துப் புடவைக்கடைப் பக்கீர் முகைதீனுக்கு, அவருடைய கலியாணத்தைப் பற்றியே ஒரு பகிடி சொல்லிக்கொண்டிருந்தேன். பகிடியைப் பாதியில் விட்டால் எனக்கு மூச்சு முட்டும்.

அதோடு, கல்முனைக் கடைத்தெருவுக்குக் குழந்தையின் ஒற்றைத் தண்டை வந்தால், அது உருக்கத்தான் வரும். எங்கள் பிள்ளைகள் கடற்கரையில் ஓடி ஒன்றை மணலுக்குக் கொடுத்துவிடுவார்கள். மிஞ்சியது என் வெள்ளிக்கடைக்கு. இதில் கேட்க என்ன இருக்கிறது?

இப்போது அவள் மேசைக்கு முன்னால் நின்றாள்.

எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு எரிந்து, மலையிலிருந்து இறங்கி வந்தவள். இறக்காமத்து வயல்களில் களை பிடுங்குகிறாள். தேயிலைச் செடியே இல்லாத ஊரிலும், கொழுந்து பறிக்கிறவர்களைப் போல இடுப்பில் படங்குச் சாக்கு. சேறு காய்ந்த கால்விரல்களில் வெள்ளி மெட்டி.

“நெளிவு எடுத்துத் தாங்கன்னுதானுங்களே குடுத்தேன். எனக்கு அதேதாங்க வேணும், மொதலாளி.”

“உனக்கு வாய் திறந்தா காது அடைச்சிரும்,” என்றார் பக்கீர் முகைதீன், என்னைப் பார்த்து.

புதுச் சோடி ஒன்றை எடுத்து வைத்தேன். சலங்கை கட்டியது. அவள் தொடவில்லை.

காசை நீட்டினேன். பார்க்கவேயில்லை.

“அப்ப மற்றதக் கொண்டா தங்கச்சி. அதப் பாத்து அச்சொட்டா அடிச்சித் தாறன். எது புதிசு, எது பழசெண்டு உனக்கே புடிபடாது.”

முடியாதென்று தலையை ஆட்டினாள்.

மற்றது எங்கே என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்தாள். திரும்பக் கேட்டேன். சாக்கின் நுனியை முறுக்கினாள்.

அப்போதுதான் எனக்குள் ஏதோ இடறியது. குழந்தையின் தண்டை. அதுவும் ஒன்று. என் வாய் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வெட்கப்பட்டது.

“புள்ள... இல்லியா தங்கச்சி?”

“இருக்காளுங்க.”

எனக்குப் போன உயிர் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பகிடியும் வந்தது.

“அட, அத முதல்லயே சொல்றதுக்கென்ன? நாளைக்கே கூட்டி வா. கால அளந்து தங்கத்தில வேணுமெண்டாலும் போட்டு உடுறன். மறுகா இந்தக் கடைய வித்துப்போட்டு நானும் உன்னோட களை புடுங்க வாறன்.”

பக்கீர் முகைதீன்கூடச் சிரித்தார்.

அவள் மூசையைப் பார்த்தாள். வெள்ளி இறுகத் தொடங்கியிருந்தது. பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

“கலவரத்துல புள்ளய வேற லொறியில ஏத்திட்டாங்க. அப்ப பேரு சொல்லக்கூடத் தெரியாது. பதுளைப் பக்கம் ஒரு மடத்துல, ஒத்தத் தண்டையோட வந்த புள்ள ஒண்ணு வளருதாம். நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அதோட சோடியக் கொண்டாந்து காட்டுனாத்தான் புள்ளயத் தருவாங்களாம்.”