ஒத்திகை விருந்தாளி

பிரெஞ்சுக்காரர் காலத்து வீட்டை ஹோம்ஸ்டேயாகத் திறப்பதற்கு முன், அருளானந்தும் அவர் மனைவி செலினும் ஒருமுறை ஒத்திகை பார்த்தார்கள். செலின்தான் விருந்தாளி. பெட்டியோடு முன்வாசல் வழியாக வந்து மாடி அறையில் தங்கினாள். காலையில் அருளானந்து காபியும் ஆம்லெட்டும் எடுத்துப்போய், கதவைத் தட்டிவிட்டுக் காத்து நின்றார். அந்த வீட்டில் அதுவரை அவர் எந்தக் கதவையும் தட்டியதில்லை.

"சர்க்கரை போடலாமா மேடம்?"

அது ஒத்திகைக்காகக் கேட்ட கேள்வி அல்ல. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

"நான் சர்க்கரை சேத்துக்கறதில்லைங்க" என்றாள் செலின்.

குளித்து, புடவை மாற்றி, பெட்டியோடு இறங்கி வந்தாள். அறைச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"நல்லா கவனிச்சுக்கிட்டீங்க சார். கிளம்பறேன்."

"அடுத்த தடவ வந்தாலும் இங்கதான் தங்கணும்" என்று அவர் கைகூப்பினார், பேசிவைத்தபடியே.

அவள் முன்வாசலில் இறங்கி, தெருவில் வந்த ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டாள். ஆட்டோ அவர்கள் பேசிவைத்ததில் இல்லை.

முன்வாசல் விருந்தாளிகளுக்கு, வீட்டு ஆட்களுக்குப் பின்வாசல் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். அருளானந்து சர்க்கரை இல்லாமல் ஒரு காபி போட்டு, பின்வாசலைத் திறந்துவைத்து, அதற்கு எதிரே உட்கார்ந்தார். காபியில் மெல்ல ஆடை படிந்தது.