முதல் கரண்டி

"உப்பு ஒட்டவே இல்ல. மிளகு மட்டும் குத்துது. இத மனுசன் குடிப்பானா?"

காலைல ஏழு மணிக்கே கிழவர் ஆரம்பிச்சுருவாரு. பேரு நியோ, கடைல எல்லாருக்கும் 'பெரியப்பா'. சூட் எங்ங்கிற பொண்ணு மனசுக்குள்ள அவருக்கு வெச்சிருந்த பேரு வேற, அத வெளிய சொல்ல முடியாது.

சிங்கப்பூர் ஆத்தோரத்துல அம்பது வருசமா ஓடுற தியோச்சுச் சீனர் பாணி எலும்பு சூப்புக் கடை அது. சூட் எங் அங்க பரிமாறுறவ. கெட்டில்ல சூப்பத் தூக்கிக்கிட்டு மேசை மேசையாப் போவா. யாரு கிண்ணத்த நீட்டினாலும் ஊத்தணும், அதுக்குத் தனிக் காசு கெடையாது.

தெனமும் இதே கூத்துதான். கிழவர் முதல் கரண்டிய வாயில வைப்பாரு, மூஞ்சி கோணும். சமையக்காரர் பூன் செங்கக் கூப்பிட்டு ஊருக்கே கேக்குற மாதிரி ஒரு குறை சொல்லுவாரு. பூன் செங் தலையக் குனிஞ்சுக்கிட்டே உள்ள போயி அண்டாவுல எதையோ போட்டுட்டு, வேற கிண்ணம் கொண்டாந்து வைப்பாரு. சில நாள் இது மூணு தடவ நடக்கும்.

சூட் எங்குக்கு ஆத்திரமா வரும். பூன் செங் போன வருசம் தொண்டைல கட்டின்னு மூணு மாசம் ஆஸ்பத்திரில கெடந்துட்டு, பாதி ஆளாத் திரும்பி வந்தவரு. படிக்கிற பொண்ணுங்க ரெண்டு பேரு வீட்ல. இந்தக் குறையெல்லாம் முதலாளி காதுல விழுந்தா அதையே சாக்கா வெச்சு வேலைய விட்டு அனுப்பிருவாரு.

நேத்து கிழவர் சொன்ன குறைக்கு ஒரு கிண்ணம் மாத்தி வெச்சதுக்கப்புறம், முதலாளி, என்னிக்கும் இல்லாம, காலைலயே வந்து கல்லாவுல உக்காந்துட்டாரு. பூன் செங் பின்னாடி எலும்பு வெட்டிக்கிட்டிருந்தாரு. கிழவர் மறுபடி கரண்டிய எடுத்தாரு.

சூட் எங் முந்திக்கிட்டா.

"பெரியப்பா, புடிக்காத சூப்பவே மூணு கிண்ணம் குடிக்கிறீங்க. புடிச்சிருந்தா அண்டாவையே கவுத்துருவீங்க போல. ஆத்தத் தாண்டினா பத்துக் கடை இருக்கு. நாளைலேந்து அங்க போயி குத்தம் சொல்லுங்க."

பக்கத்து மேசை கொல்லுனு சிரிச்சுது. கிழவர் ஏதோ சொல்ல வாயத் தெறந்தாரு. கல்லாப் பக்கம் பாத்தாரு. தெறந்த வாய மூடிக்கிட்டாரு. சின்னக் கோப்பைல ஊத்தின டீயக்கூடத் தொடாம, குடைய எடுத்துக்கிட்டு மழைல எறங்கிப் போயிட்டாரு.

இன்னிக்கு அவரு வரல. சூட் எங்குக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அதுவும் மதியம் வரைக்கும்தான்.

கெட்டிலத் தூக்கிக்கிட்டு எத்தன சுத்து சுத்துனாலும் ஒருத்தரும் கிண்ணத்த நீட்டல. எலும்பக் கடிச்சுட்டு சூப்ப அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போறாங்க.

முதலாளி நேரா அடுப்படிக்கு வந்துட்டாரு. "பூன் செங், இத நீயே குடிச்சுப் பாரு."

பூன் செங் ஒரு வாய் குடிச்சாரு. யோசிச்சாரு. இன்னொரு வாய் குடிச்சாரு.

"நல்லாத்தானே இருக்கு."

முதலாளி அதே அண்டாவுலேந்து ஒரு கரண்டி எடுத்து வாயில வெச்சு, தூன்னு துப்பினாரு. வெளிய போயி, வேற நல்ல சமையக்காரன் யாராச்சும் இருக்கானான்னு போன்ல விசாரிக்க ஆரம்பிச்சாரு.

"பெரியப்பா ஏன் இன்னிக்கு வரல?" பூன் செங் மெல்லக் கேட்டாரு.

சூட் எங் நடந்ததச் சொன்னா. உங்களுக்காகத்தான்ணே வெரட்டினேன்னா.

பூன் செங் கோவப்படல. கரண்டியக் கழுவி ஆணில மாட்டினாரு. இடுப்புல கட்டியிருந்த ஏப்ரன அவுத்து மடிச்சாரு.

"யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது, திட்டுற மாதிரியே சொல்லுங்கன்னு நான்தாம்மா அவர்ட்ட கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். தொண்டைக் கட்டிக்குக் கதிர்வீச்சுக் கரண்டு வெச்சதுல என் நாக்கு செத்துப் போச்சு. ஒரு வருசமா இந்தக் கடை சூப்புக்கு ருசி பாத்தது அவரு நாக்குதான்."